எடை இழப்பு

மாதத்தின் முதல் சனிக்கிழமை
பழைய பஸ் ஸ்டாண்டில் ஆறரை மணி வண்டி.
அஸ்தம்பட்டி தாண்டும்வரை நின்றுகொண்டுதான்.
பதினோராவது கொண்டை ஊசியில்
யாராவது ஒருவர் வாந்தி எடுப்பார்.
இரண்டாம் பருவம் முழுக்க
அது நான்.

ஆய்வுத் தலைப்பு இரண்டரை வரி நீளம்.
அம்மாபேட்டையில் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால்
அப்பா சுருக்கிச் சொல்வார்:
"இலை மக்குதான்னு பாத்துட்டிருக்கா."
பிழை சொல்ல முடியாது.

நூற்றிருபது நைலான் பைகள்
இரண்டு மில்லிமீட்டர் கண்
நீல நூலில் நானே தைத்தவை.
ஒவ்வொன்றிலும் பத்து கிராம் சருகு:
அறுபதில் சில்வர் ஓக்
அறுபதில் கல்யாண முருங்கை.
காப்பிச் செடிகளின் காலடியில் கிடத்தி
ஆணி அடித்து
அலுமினியத் தகட்டில் எண் கீறி
மழையிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.
மாதம் பத்துப் பையாக எடுத்து
மண் உதறி, அடுப்பில் உலர்த்தி
தராசில் வைப்பேன்.
இருப்பது கணக்கில்லை, குறைந்ததுதான் தரவு.
இல்லாமல் போனதை
மூன்று தசமத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன்
ஒரு வருடம்.

இறங்கும்போது வளைவுகளுக்கிடையே
கீழே வெள்ளைக்கல் குவியல்கள் கண்ணைக் கூசும்.
ஒரு கரடு முழுவதுமாய்
லாரி லாரியாய் எடை இழந்துகொண்டிருந்தது.
அதை யாரும் எனக்குத் தலைப்பாகத் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.

லூர்து எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவன்.
என் வயதுதான்.
மூன்றாம் மாதம் கேட்டான்:
"மக்கலேன்னா மார்க் கொறைப்பாங்களா?"

செப்டம்பரில் நாற்பத்து மூன்றாம் எண் பை இல்லை.
ஆணி இருந்தது. தகடு இருந்தது.
காட்டெருமை என்று போட்டுவிடு என்றாள் நஸ்ரின்.
'இழந்த மாதிரி' என்று குறிக்கச் சொன்னார் வழிகாட்டி.
அன்றே நல்ல மழை.
லூர்து வீட்டில் ஒதுங்கினேன்.
ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது
நீல நூல், என் கோணல் தையல்
உள்ளே அரைக் கிலோ பூண்டு.
"கீழ கெடந்துச்சுங்க, நல்ல பை.
சருகை ரோஜாத் தொட்டியில கொட்டிட்டேன்"
என்றாள் பிலோமினா
நான் பார்ப்பதைப் பார்த்து.
வரக்காப்பி தந்தாள்.
சூடாயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

கடைசி அட்டவணை:
கல்யாண முருங்கை, இழப்பு தொண்ணூற்றொன்று சதவீதம்.
சில்வர் ஓக், நாற்பத்தெட்டு.
'நீடித்த' என்ற சொல்
முன்னுரையில் மட்டும் பத்தொன்பது இடத்தில்.
ஆய்வகத்தைப் பூட்டும் முன் ஒரு ராத்திரி
காலிப் பை ஒன்றைக் கழுவி, காயவைத்து
எதற்கென்று தெரியாமல் தராசில் வைத்தேன்.
தைத்த அன்று ஒன்று புள்ளி இரண்டு ஒன்று நான்கு.
ஒரு வருட மழைக்கும் கரையானுக்கும் பிறகு
ஒன்று புள்ளி இரண்டு ஒன்று நான்கு.
மின்விசிறியை நிறுத்திவிட்டு
மறுபடி வைத்துப் பார்த்தேன்.
அதை எந்தப் பத்தியிலும் சேர்க்கவில்லை.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியை
ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் விரல் வைத்தார்.
"நூற்றிருபது அல்லவா? இங்கே நூற்றுப்பத்தொன்பது."
ஒன்று தொலைந்தது மேடம்.
"எப்படி?"
ஜன்னல் கம்பி, பூண்டு, வரக்காப்பி.
"காட்டெருமை" என்றேன்.
தலையாட்டிப் பக்கத்தைத் திருப்பினார்.

மேசைக்கடியில் மூட்டையாய்க் கிடந்த மிச்சத்தை
ஜூனியர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.
இன்னும் ரெண்டு கிடைக்குமா என்று
லூர்து போனில் கேட்டிருந்தான்,
வெங்காயத்துக்காம்.

முதல் சனிக்கிழமை, ஆறரை மணி வண்டி.
இந்த முறை உட்கார இடம் கிடைத்தது.
மடியில் பைகள்.
பதினோராவது வளைவில்
முன் இருக்கைப் பையன் திரும்பினான்,
முகம் வெளிறி, வாயைப் பொத்திக்கொண்டு.
அவசரமாய் ஒரு பையை நீட்டினேன்.
இரண்டு மில்லிமீட்டர் கண் என்பது
அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.